தம்பி விடிய விடிய விழித்திருக்கிறான், ‘அபாய நிலை’ என்கிறார்கள். தூக்கத்தை முதலில் பார்க்கலாமா?

நிலாமுற்றம் · ஞாயிறு இரவு 11:38

வணக்கம். இந்தத் தளத்தில் சமையல் பகுதியில் மட்டும்தான் தலைகாட்டியிருக்கிறேன். இது வேறு விஷயம், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு 18 வயது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாம் ஆண்டு. உயர்நிலைப் பள்ளி இறுதியில் எழுதும் ‘ஓ’ நிலைத் தேர்வு முடிந்த விடுமுறையில் தூங்கும் நேரம் தள்ளிப்போக ஆரம்பித்தது. வகுப்பு தொடங்கினால் சரியாகிவிடும் என்று இருந்தோம். ஆகவில்லை. இப்போது அதிகாலை நாலு, நாலரைக்குத்தான் கண் அசருகிறான். காலை வகுப்பு இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத் தூக்கத்தோடு கிளம்புவான், இல்லையென்றால் போகவே மாட்டான்.

அதோடு நின்றிருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீட்டில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும், நடு ராத்திரியில் மேல்வீட்டில் கோலிக்குண்டு உருளுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அதைத் தனக்காகவே யாரோ போடுகிறார்கள் என்கிறான். சொல்லிவிட்டு, “லூசு மாதிரி பேசுறேன்ல?” என்று அவனே சிரிக்கவும் செய்கிறான். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது என்றும் சொல்லியிருக்கிறான். நண்பர்களோடு ஃபுட்சால் ஆடப் போவதை நிறுத்திவிட்டான்.

கல்லூரி ஆலோசகர் வழியாகப் பரிசோதனைக்குப் போனோம். நோய் என்று சொல்லவில்லை. ‘மனநோய் அபாய நிலை’, தொடர்ந்து பார்த்து வர வேண்டும் என்றார்கள். எங்கள் தாய்மாமாவுக்கு மனச்சிதைவு உண்டு, அதையும் குறித்துக்கொண்டார்கள். அடுத்த சந்திப்புக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது.

அம்மா ஃபோனைப் பிடுங்கச் சொல்கிறார். அப்பா, “தேசிய சேவைக்குப் போனா தானா சரியாயிடும்” என்கிறார், கட்டாய ராணுவச் சேவையைச் சொல்கிறார். தம்பி வேறு எதைப் பற்றியும் வாய் திறக்க மாட்டான், தூக்கம் வரவில்லை என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறான். தூக்கம் கெட்டதால் இதெல்லாம் வருகிறதா, இதெல்லாம் வருவதால் தூக்கம் கெடுகிறதா? சந்திப்பு வரும்வரை தூக்கத்தையாவது கவனிக்கலாமா?

தெம்பனிஸ்மாமா · ஞாயிறு இரவு 11:59

அம்மா சொல்வதுதான் சரி. ராத்திரி பத்து மணிக்கு வைஃபையை அணைத்துவிடுங்கள். ஒரு வாரம் முறைப்பான், அப்புறம் தூங்குவான். நாங்கள் எல்லாம் ஒரே அறையில் ஐந்து பேர் படுத்து, காலை ஐந்தரைக்கு எழுந்து பள்ளிக்கூடம் போனவர்கள். இந்த ‘நிலை’, அந்த ‘நிலை’ என்று பெயர் வைத்தால் பிள்ளை அந்தப் பெயரையே பிடித்துக்கொள்வான்.

இரவுப்பணி · திங்கள் அதிகாலை 2:17

(நேரத்தைப் பார்த்துக் கேலி செய்ய வேண்டாம், இடைவேளையில் இருக்கிறேன். மனநலப் பிரிவில் தாதியாக வேலை. இங்கே எழுதுவது பொதுவான தகவல்தான், உங்கள் தம்பியைப் பார்க்கும் மருத்துவர் சொல்வதுதான் கடைசி.)

நிலா, முதலில் அந்தப் பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். அபாய நிலை என்றால் நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அப்படி அடையாளம் காணப்பட்டவர்களில் அடுத்த மூன்று ஆண்டுகளில் முழு உளப்பிறழ்வுக்கு (நிஜம் எது, நினைப்பு எது என்று பிரித்தறிய முடியாத நிலைக்கு) போவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், சில கணக்குகளில் நான்கில் ஒருவர். மற்றவர்கள் போவதில்லை. ஆனால் அவர்களிலும் பலருக்குப் பதற்றம், மனச்சோர்வு, படிப்பில் பின்தங்குவது என்று ஏதாவது இருக்கும், அதற்கும் உதவி வேண்டும். “லூசு மாதிரி பேசுறேன்ல?” என்று அவனே கேட்கிறான் பாருங்கள், அது நல்ல விஷயம். தன் நினைப்பைத் தானே சந்தேகப்பட முடிகிறது. அந்தச் சந்தேகம் மறைந்து, நூற்றுக்கு நூறு உறுதியாகிவிட்டால் சந்திப்பு நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது.

காரணமா விளைவா என்று கேட்டீர்கள். இரண்டும். தூக்கம் குறைந்தால் சந்தேக புத்தியும் பதற்றமும் கூடும். சந்தேகமும் பதற்றமும் கூடினால் தூக்கம் வராது. எங்கே தொடங்கியது என்று தேடிக்கொண்டிருப்பதைவிட எங்கே கை வைக்க முடியும் என்று பார்ப்பது மேல். உங்கள் வீட்டில் அவன் பேசத் தயாராக இருக்கும் ஒரே விஷயம் தூக்கம் என்கிறீர்கள். அப்படியானால் அதிலிருந்து தொடங்குங்கள். எங்களிடம் வருகிற பிள்ளைகள் நிறையப் பேர் அந்த வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். “எனக்குக் குரல் கேட்குது” என்று எந்தப் பையனும் எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டான். “தூங்க முடியலை” என்று சொல்லுவான்.

ஆனால் ‘தூங்கவில்லை’ என்பதில் மூன்று வகை இருக்கிறது, மூன்றுக்கும் வழி வேறு.

முதல் வகை, தூங்க ஆசைப்படுகிறான், படுக்கிறான், வரவில்லை. புரண்டு புரண்டு கிடக்கிறான், மறுநாள் களைப்பு. இது தூக்கமின்மை. இரண்டாவது, நாலு மணிக்குப் படுத்தால் ஆழ்ந்து தூங்கி மதியம்வரை அசையாமல் கிடக்கிறான். தூக்கத்தில் குறை இல்லை, நேரம்தான் நகர்ந்துவிட்டது. பதின்ம வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் பெரியவர்களைவிட ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் சுரக்கும், இவர்களுக்கு அது இன்னும் தள்ளிப்போயிருக்கும். மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது: மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு, களைப்பே இல்லாமல், வழக்கத்தைவிட அதிகப் பேச்சு, அதிகத் திட்டம், அதிகச் செலவு. அவனுக்குத் தூக்கம் வராமல் இல்லை, தேவையே படவில்லை. இப்படி இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், அது இருமுனைக் கோளாறின் (மிகையான எழுச்சியும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) பக்கம் போகக்கூடியது.

உங்கள் தம்பி எந்த வகை? விடுமுறை நாளில், யாரும் எழுப்பாவிட்டால், எத்தனை மணிவரை தூங்குகிறான்?

குறட்டை · திங்கள் காலை 9:05

மாமா, ஒருவேளை உங்களுக்கு இது பிடிக்காது, ஆனால் ‘பெயர் வைக்கும்’ கதை இல்லை இது. நான் உளவியல் படிக்கிறேன், தூக்கம்தான் என் ஆய்வுப் பகுதி.

2018-இல் வந்த ஒரு பரிசோதனை: எந்த நோயும் இல்லாத ஆட்களை மூன்று இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். சந்தேக எண்ணங்களும் இல்லாததை உணர்வதும் கூடின. முக்கியமாக மனநிலை கெட்டது வழியாகத்தான் அது நடந்தது: பயம், கவலை, தன்னைப் பற்றியே மோசமான நினைப்பு. வெறும் மூன்று இரவில், ஆரோக்கியமானவர்களிடம். ஏற்கெனவே குடும்பத்தில் நோய் உள்ள, மாதக்கணக்கில் தூங்காத 18 வயதுப் பையனை யோசித்துப் பாருங்கள்.

மறுபக்கம், தூக்கத்தைச் சரி செய்தால் என்ன ஆகும்? ஆக்ஸ்ஃபர்ட் ஆய்வாளர்கள் 2017-இல் பிரிட்டனின் 26 பல்கலைக்கழகங்களில் தூக்கமின்மை உள்ள 3,755 மாணவர்களிடம் செய்து பார்த்தார்கள். பாதிப் பேருக்கு இணையம் வழியே தூக்கமின்மைக்கான சிபிடி, அதாவது அறிதிறன் நடத்தைச் சிகிச்சை. தூக்கம் மேம்பட்டது. கூடவே சந்தேக எண்ணங்களும் மாயக்குரல் மாதிரி அனுபவங்களும் குறைந்தன. குறைவு சிறிதுதான், ஆனால் அந்தச் சிகிச்சையில் குரல் பற்றியோ சந்தேகம் பற்றியோ பேசவே இல்லை, தூக்கத்தை மட்டும்தான் தொட்டார்கள்.

அதே குழு உங்கள் தம்பி மாதிரி அபாய நிலையில் இருந்த 14 முதல் 25 வயது வரையிலான 40 பேரிடம் எட்டு அமர்வு கொண்ட தூக்கச் சிகிச்சையை முயன்று 2023-இல் முடிவு வெளியிட்டது. சின்ன ஆய்வு, முன்னோட்டம் மாதிரி. இளைஞர்கள் விடாமல் வந்தார்கள், தூக்கத்தில் நல்ல மாற்றம் தெரிந்தது. இதனால் நோய் வருவதே தடுக்கப்படும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள், அந்த அளவுக்கு இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் இப்போதைய வேதனை குறையும், அது போதாதா?

தெம்பனிஸ்மாமா · திங்கள் மதியம் 12:48

அப்படியென்றால் தேர்வு நேரத்தில் தூங்காத பிள்ளைகள் எல்லாருக்கும் பைத்தியம் பிடிக்க வேண்டுமே? சிங்கப்பூரில் எந்தப் பிள்ளைதான் நிம்மதியாகத் தூங்குகிறது!

உமாடீச்சர் · திங்கள் மாலை 6:30

மாமா, கடைசி வரி உண்மை, அதனால்தான் பிரச்சினையே. மற்றப் பிள்ளைகளுக்கும் இதே வழக்கம் இருப்பதால் மோசமான நிலையில் இருக்கும் பிள்ளை கண்ணில் படுவதில்லை. என் உயர்நிலை 4 வகுப்பில் முதல் பாடவேளையில் பாதிப் பேர் மேசையில் தலை சாய்க்கிறார்கள். அதில் யார் நேற்று கணிதம் போட்டான், யார் மூன்று மாதமாகத் தூங்கவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பேன்?

இங்கே ஒரு விஷயம் சேர்த்துச் சொல்கிறேன், இது என் சொந்த ஆதங்கம். நம் ஊரின் நேரமே பிள்ளைகளுக்கு எதிராக இருக்கிறது. பூமியில் நாம் இருக்கும் இடத்துக்கு உலக நேரத்தோடு ஏழு மணி நேரம் கூட்டினால் போதும். ஏற்கெனவே ஏழரை மணி நேர வித்தியாசத்தில்தான் இருந்தோம், 1982 ஜனவரி 1-ஆம் தேதி கடிகாரத்தை இன்னும் அரை மணி முன்னால் தள்ளி எட்டு மணி நேர வித்தியாசத்துக்கு வந்தோம். அதனால்தான் சூரியன் ஏழு மணி சுமாருக்கு உதிக்கிறது. 7:30 பள்ளிக்கு ஆறு மணிக்குக் கிளம்பும் பிள்ளை இருட்டில் எழுந்து, இருட்டில் எம்ஆர்டி ரயில் ஏறி, விளக்கு போட்ட வகுப்பில் வந்து உட்காருகிறது. உடல் கடிகாரத்தைத் திருத்துகிற காலை வெளிச்சம் அதன்மேல் படுவதே இல்லை. சாயங்காலமோ ஏழு மணிவரை வெயில், அப்புறம் துணைப்பாட வகுப்பு, அப்புறம் திரை வெளிச்சம்.

நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 2016-இல் தொடங்கும் நேரத்தை 7:30-இலிருந்து 8:15-க்கு மாற்றியது. ‘இன்னும் நேரம் இருக்கு’ என்று பிள்ளைகள் இன்னும் தாமதமாகப் படுப்பார்கள் என்று பலரும் சொன்னார்கள். ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது ஒரு மாதத்தில் படுக்கையில் இருக்கும் நேரம் சராசரியாக 23 நிமிடம் கூடியிருந்தது. ஒன்பது மாதம் கழித்தும் கருவியில் அளந்த தூக்கம் 10 நிமிடம் கூடுதலாகவே இருந்தது. பத்து நிமிடம்தானா என்று கேட்காதீர்கள், பிள்ளைகளின் மனநிலையும் மேம்பட்டிருந்தது.

இன்னொன்று: ‘சனி ஞாயிறு தூங்கிச் சமாளிச்சுக்குறேன்’ என்பார்கள். டியூக்-என்யூஎஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 15 முதல் 19 வயது மாணவர்களை ஏழு இரவு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவைத்து, பிறகு இரண்டு இரவு ஒன்பது மணி நேரம் தூங்கவிட்டார்கள். அப்போதும் கவனம் முழுமையாகப் பழைய நிலைக்கு வரவில்லை. இதெல்லாம் இங்கேயே, நம் பிள்ளைகளிடமே செய்த ஆய்வு.

நிலாமுற்றம் · திங்கள் இரவு 10:15

எல்லாருக்கும் நன்றி. இரவுப்பணி அக்கா கேட்டதற்குப் பதில்: எழுப்பாவிட்டால் மதியம் ஒன்று, ஒன்றரைவரை தூங்குகிறான். ஆழ்ந்த தூக்கம்தான். மூன்றாவது வகை இல்லை, எப்போது பார்த்தாலும் சோர்வாகத்தான் இருக்கிறான்.

இன்றைக்குக் கொஞ்சம் பேசினான். ராத்திரியில் ஏன் முழித்திருக்கிறாய், கேமா என்று கேட்டேன். கேம் எல்லாம் எப்போதோ அலுத்துவிட்டதாம். “எல்லாரும் தூங்குனதுக்கு அப்புறம்தான் யாரும் என்னைப் பார்க்கலைன்னு தோணுது. அப்பதான் நிம்மதி” என்றான். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. வைஃபையை அணைத்தால் அந்த நிம்மதியும் போய்விடுமோ?

இரவுப்பணி · செவ்வாய் அதிகாலை 3:02

இதை மருத்துவரிடம் அவன் சொன்ன வார்த்தையிலேயே சொல்லுங்கள், அல்லது அவனையே சொல்லச் சொல்லுங்கள். நிறைய விளங்குகிறது.

மாமா கோபிக்கக் கூடாது, ஃபோனுக்கும் தூக்கத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று நான் சொல்லவில்லை. படுக்கையில் திரை பார்ப்பது கெடுதல்தான். ஆனால் இந்தப் பையனுக்கு ராத்திரி ஒரு மறைவிடம். பகலில் ஆட்கள், பார்வை, மேல்வீட்டுச் சத்தம். ராத்திரியில் யாரும் இல்லை. ஃபோனைப் பிடுங்கினால் அவன் அதே இருட்டில், அதே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, கையில் எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருப்பான். உங்கள்மேல் உள்ள நம்பிக்கையும் போகும். பகலை அவனுக்குக் கொஞ்சம் பயமில்லாமல் ஆக்கினால்தான் ராத்திரியை விட்டு வருவான். அது சிகிச்சையாளரின் வேலை. நீங்கள் செய்யக்கூடியது, காலையில் அவனோடு வெளியே ஒரு நடை, கூட்டம் இல்லாத நேரத்தில்.

ஓஆர்டிஆயிற்று · செவ்வாய் காலை 8:20

அக்கா, அந்த வரியைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. ராத்திரி நிம்மதி எனக்கும் அப்படித்தான் இருந்தது. தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. எம்ஆர்டியில் யாராவது ஃபோனை உயர்த்திப் பிடித்தால் என்னைத்தான் படம் எடுக்கிறார்கள் என்று அடுத்த நிலையத்தில் இறங்கிவிடுவேன். எனக்கும் இதே பெயர்தான் வைத்தார்கள், அபாய நிலை.

மனநலக் கழகத்தில் இதற்கென்றே 2008 முதல் ‘ஸ்வாப்’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. உளப்பிறழ்வு வந்த பிறகு பார்க்கும் ‘எபிப்’ 2001-இலேயே வந்தது, ஸ்வாப் வருவதற்கு முன்னாடியே பார்ப்பதற்கு. என் பாட்டி ‘உட்பிரிட்ஜா!’ என்று நெஞ்சில் கை வைத்தார். மனநலக் கழகத்தின் அந்தப் பழைய பெயருக்கு இன்னும் அவ்வளவு பயம். உள்ளே போனால் சாதாரணக் காத்திருப்பு அறை, கையில் எண் சீட்டு, எதிரே தமிழ் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டு ஒரு அப்பா.

அவர்கள் என்னிடம் முதலில் செய்யச் சொன்னது தூக்கக் குறிப்பேடு. படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றிய நேரம், விழித்த நேரம், மதியத் தூக்கம், கோப்பி எப்போது. பக்கத்தில் இன்னொரு கட்டம்: அன்றைக்கு யாரோ பார்க்கிறார்கள் என்ற நினைப்பு எவ்வளவு, பத்துக்கு மதிப்பெண். கொஞ்ச நாள் கழித்துத் தாளைத் திருப்பி என்னிடமே காட்டினார் உளவியலாளர். நான்கு மணி நேரத்துக்குக் கீழே தூங்கிய இரவுக்கு அடுத்த நாளெல்லாம் எட்டு, ஒன்பது. ஆறு மணி நேரம் தாண்டிய நாட்களில் நாலு, ஐந்து. பூஜ்யம் வந்த நாள் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஃபோனை உயர்த்தும் ஆள் மாறவில்லை, என் தூக்கம்தான் மாறியிருக்கிறது என்று தெரிந்தது. யார் விளக்கியும் ஏறாதது அந்தத் தாளில் ஏறியது.

கோப்பி விஷயத்தில் நான் சண்டை போட்டேன். மாலை ஐந்து மணிக்குக் ‘கோப்பி ஓ’ (பால் சேர்க்காத கோப்பி) இல்லாமல் எப்படிப் படிப்பது? குடித்த காஃபீனில் பாதி ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும் என்றார். மதியத்துக்கு மேல் மைலோவுக்கு மாறினேன், முணுமுணுத்துக்கொண்டே.

செராங்கூன்சாலை · செவ்வாய் மதியம் 1:40

என் அண்ணன் மகள் தூக்கத்தில் யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்து அமுக்குவதாகச் சொல்கிறாள், கண் திறந்திருக்கும், அசைய முடியாதாம். அண்ணி அமுக்குவான் பேய் என்று தாயத்து கட்டியிருக்கிறார். இதுவும் இந்த அபாய நிலையில் சேருமா?

குறட்டை · செவ்வாய் மதியம் 2:25

அது மட்டும் என்றால் சேராது. கனவுத் தூக்கத்தில் உடம்பு அசையாமல் இருக்கும்படி மூளை பூட்டி வைக்கும், அந்தப் பூட்டு திறப்பதற்கு முன்னால் விழிப்பு வந்துவிட்டால் இப்படி இருக்கும். தூக்கம் குறைந்தவர்களுக்கும் நேரம் மாறி மாறித் தூங்குபவர்களுக்கும் அடிக்கடி வரும். தூக்கம் வரப்போகும் அந்த நிமிடத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் நல்ல ஆரோக்கியமானவர்களுக்கும் வருவதுதான். நிலா, உங்கள் தம்பிக்குக் குரல் எப்போது கேட்டது என்று கேளுங்கள். கண் சொருகும்போதா, நன்றாக விழித்து உட்கார்ந்திருக்கும்போதா? மருத்துவர் கட்டாயம் கேட்பார்.

தாயத்து இருந்துவிட்டுப் போகட்டும். பகலில் அவள் எப்படி இருக்கிறாள் என்று பாருங்கள்.

ரிதம் · செவ்வாய் இரவு 9:12

ஒரு எச்சரிக்கை. தூக்கமின்மைக்கான சிபிடியில் ‘படுக்கை நேரத்தைக் குறைப்பது’ என்று ஒரு பகுதி உண்டு. ஐந்து மணி நேரம்தான் தூங்குகிறாய் என்றால் படுக்கையிலும் ஐந்து மணி நேரம்தான் இரு என்பார்கள். பதற்றம் மட்டும் உள்ளவர்களுக்கு நன்றாக வேலை செய்யும். என் தங்கை இணையத்தில் படித்துவிட்டுத் தானாகவே செய்தாள். ஒரு வாரத்தில் பறக்க ஆரம்பித்தாள், மூன்று மணிக்கு எழுந்து அலமாரியை எல்லாம் இறக்கி அடுக்கினாள், பேச்சு நிற்கவில்லை. அவளுக்கு இருமுனைக் கோளாறு என்பது அப்போதுதான் வெளிவந்தது. குடும்பத்தில் மனநோய் இருந்தால் இந்தப் பகுதியை மட்டும் யாரும் வீட்டில் முயல வேண்டாம்.

இரவுப்பணி · செவ்வாய் இரவு 11:50

ரிதம் சொன்னதற்கு நூறு லைக். அபாய நிலையில் இருப்பவர்களுக்குச் சிகிச்சையாளர்கள் அந்தப் பகுதியை விட்டுவிடுவார்கள், அல்லது ரொம்ப மென்மையாகத்தான் செய்வார்கள்.

பாஸிர்ரிஸ்பையன் · புதன் மதியம் 12:10

மெலடோனின் கொடுங்கள் அக்கா. ஜேபி (எல்லை தாண்டி ஜொகூர் பாரு) போனால் யாரிடமாவது கிடைக்கும். நான் ஒரே நேரத்தில் எவ்வளவு போடுவேன் என்றால்…

நெறியாளர் · புதன் மதியம் 12:34

மேலே உள்ள பதிவில் அளவு குறிப்பிட்ட வரிகளை நீக்கியிருக்கிறேன். இந்த இழையில் மருந்து அளவு, எங்கே வாங்கலாம் என்பதெல்லாம் வேண்டாம். எதைக் கொடுப்பதானாலும் தம்பியைப் பார்க்கும் மருத்துவரைக் கேளுங்கள். உடல் கடிகாரம் நகர்ந்தவர்களுக்கு எவ்வளவு என்பதைவிட எத்தனை மணிக்கு என்பது முக்கியம், தவறான நேரத்தில் போட்டால் நிலைமை மோசமாகும்.

இரவில் இதைப் படிப்பவர்களுக்கு: உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் 1767, சமாரிட்டன்ஸ் அமைப்பு, 24 மணி நேரமும். மனநலம் குறித்துப் பேச 1771, அதுவும் 24 மணி நேரமும். மனநலக் கழகத்தின் உதவி எண் 6389 2222.

நிலாமுற்றம் · புதன் இரவு 8:45

குரல் கேட்டது ஒரு தடவை படுக்கப் போகும்போது, ஒரு தடவை மாலை ஐந்து மணிக்கு, குளித்துவிட்டு வரும்போது. இரண்டாவதைச் சொல்லும்போது அவனுக்கே குரல் இறங்கிவிட்டது. குறித்து வைத்திருக்கிறேன். கிளினிக்கை அழைத்துச் சொன்னேன், சந்திப்பை முன்னால் கொண்டுவர முயல்வதாகச் சொன்னார்கள்.

அப்பாவின் தேசிய சேவைப் பேச்சுதான் இப்போது வீட்டில் பெரிய சண்டை. மருத்துவப் பரிசோதனையில் இதைச் சொன்னால் பின்னால் வேலைக்கு இடைஞ்சல், மறைத்துவிடு என்கிறார்.

ஓஆர்டிஆயிற்று · புதன் இரவு 10:05

மறைக்கவே கூடாது அக்கா. நான் பரிசோதனைக்கு முன்பே மருத்துவரின் கடிதத்தைக் கொடுத்தேன். முகாமில் அதற்கேற்ற வேலை கொடுத்தார்கள், முறை வைத்து இரவுக்காவல் நிற்பதிலிருந்து விலக்கு கிடைத்தது. எல்லாருக்கும் அதேபோல் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன், ஒவ்வொருவர் நிலையைப் பொறுத்தது. ஆனால் மறைத்துவிட்டுப் போய், தூக்கம் உடைந்து உடைந்து, கையில் துப்பாக்கியோடு ஒருவன் நிலைகுலைந்தால் அது யாருக்குமே நல்லதில்லை. ஒழுங்கான நேரம், காலையில் வெயில், உடற்பயிற்சி, இவை எனக்கு அங்கே உதவின, அதை ஒத்துக்கொள்கிறேன். அப்பா சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. ஆனால் அது சிகிச்சையோடு சேர்ந்து கிடைத்தது.

தெம்பனிஸ்மாமா · புதன் இரவு 10:40

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ‘மனநோய் உண்டா’ என்று கேட்கும் கட்டம் இருக்குமே? அப்பா பயப்படுவது நியாயம்தான்.

உமாடீச்சர் · புதன் இரவு 11:02

அந்தக் கேள்வியை விண்ணப்பத்தில் கேட்கக் கூடாது என்று 2020-இலேயே முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டி சொல்லிவிட்டது. காப்புறுதி வேறு கதை, அதைத் தனியாக விசாரியுங்கள்.

நிலாமுற்றம் · வியாழன் காலை 7:50

சந்திப்பு முன்னால் வந்துவிட்டது, அடுத்த வாரம். அதற்கிடையில் வீட்டில் எதில் தொடங்க? ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னால் அவன் கதவைச் சாத்திக்கொள்வான்.

இரவுப்பணி · வியாழன் மதியம் 3:30

ஒன்றே ஒன்றைப் பிடியுங்கள்: எழும் நேரம். படுக்கும் நேரத்தை யாராலும் கட்டாயப்படுத்த முடியாது, எழும் நேரத்தை முடியும். இதில் மாமா வீட்டு வழக்கம் சரிதான். ஆனால் ஒன்றரையிலிருந்து ஏழுக்கு ஒரே தாவலாகத் தாவச் சொல்லாதீர்கள். அவனிடமே கேளுங்கள், அவன் பன்னிரண்டரை என்றால் பன்னிரண்டரை. அது நிலைத்த பிறகு இன்னும் அரை மணி. எழுந்ததும் வெளிச்சம் படட்டும்: தாழ்வாரத்தில் நின்று பல் துலக்கினாலும் சரி, கீழே போய் ரொட்டி வாங்கி வந்தாலும் சரி. மாலையில் படுத்துவிடாமல் பேச்சுக் கொடுங்கள். வகுப்புக்காக ஏற்கெனவே தூக்கத்தைக் குறைத்துக்கொண்டிருப்பவனை இன்னும் குறைக்க வேண்டாம், அந்த நாட்களில் மதியம் மூன்று மணிக்கு முன் இருபது நிமிடம் கண்ணயரலாம்.

மேல்வீட்டுச் சத்தத்துக்குக் காதடைப்பான் வாங்காதீர்கள் முதலில். சிலருக்கு முழு நிசப்தத்தில் காது இன்னும் கூர்மையாகிவிடும். மின்விசிறியை வேகமாக வைத்துப் பாருங்கள்.

நிலாமுற்றம் · வியாழன் இரவு 9:20

பன்னிரண்டு என்று அவனே சொன்னான். பார்ப்போம். கடைசியாக ஒன்று, சந்திப்பின்போது நான் உள்ளே உட்காரலாமா?

ஓஆர்டிஆயிற்று · வியாழன் இரவு 9:41

முதலில் அவனிடம் கேளுங்கள். சம்மதித்தால் ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, வெளியிலிருந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும் விஷயங்களைச் சொல்லுங்கள்: தாய்மாமா, எழும் நேரம், ஃபுட்சாலை நிறுத்தியது. தூக்கக் குறிப்பைத் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள், ஃபோனில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அப்புறம் நீங்களே எழுந்து வெளியே போய்விடுங்கள். குரல் விஷயத்தை நான் அம்மா வெளியே போன பிறகுதான் சொன்னேன். அவன் வெளியே வந்ததும் “என்ன கேட்டாங்க?” என்று கேட்காதீர்கள், முதலில் சாப்பிட எங்கேயாவது அழைத்துப்போங்கள்.